குப்பைப் பையிலிருந்து முதலில் ஈரத்தை எடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நான் மலேசியாவில், பினாங்குத் தீவின் பாயா தெருபோங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டில், பதினோராவது மாடியில் குடியிருக்கிறேன். தொழிற்சாலையில் வேலை, இரண்டு பிள்ளைகள், கூடவே மாமியார். பல வருடமாக உங்கள் நாளிதழைப் படிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல் முறை. வீட்டுக் குப்பையைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக மனத்தில் இருக்கிறது. மறுசுழற்சி என்று பேச்சு வந்தாலே நாம் எல்லாரும் போத்தல், டின், பழைய பேப்பர் என்று தொடங்கி அதோடு முடித்துவிடுகிறோம். ஆனால் நம் வீட்டுக் குப்பைத் தொட்டியில் கனமாகக் கிடப்பது சோறு, குழம்பு, காய்கறித் தோல், மீன் கழிவு. இந்த ஈரத்தை முதலில் பிரித்து எடுத்துவிட்டால் மீதிக் குப்பை பாதிக்குப் பாதி தானாகவே வழிக்கு வந்துவிடுகிறது, இதை என் வீட்டிலேயே பார்த்துவிட்டேன். கடிதம் கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் பிளாக்கில் மின்தூக்கி கெட்டு ஒரு வாரத்துக்கு மேல் ஓடவில்லை. தினமும் இரவு குப்பைப் பையைத் தூக்கிக்கொண்டு படியிறங்க வேண்டும். மூன்றாவது நாள் ஆறாவது மாடி போவதற்குள் பை கிழிந்துவிட்டது. மத்தியானம் வைத்த மீன் குழம்பு, முந்தின நாள் சோறு, கீரைத் தண்டு எல்லாம் படி முழுக்கக் கொட்டி, அங்கிருந்த ஒரு வீட்டு வாசலில் கழற்றி வைத்திருந்த பிள்ளையின் செருப்பு வரைக்கும் வழிந்து போனது. நான் என்ன செய்வது என்று தெரியாமல் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வீட்டு மலாய் அம்மா, மாக்சிக் என்று கூப்பிடுவோம், கதவைத் திறந்து பார்த்தார், உள்ளே போனார், வாளியும் துடைப்பமும் எடுத்து வந்து ஒரு வார்த்தை கடிந்து பேசாமல் என்னோடு சேர்ந்து படியைக் கழுவினார், செருப்பையும் அவரே கழுவிக் காய வைத்தார். வீட்டுக்கு வந்தும் எனக்கு மனம் ஆறவில்லை. இவ்வளவு சாப்பாட்டையா நாம் தினமும் கட்டித் தூக்கிப் போடுகிறோம் என்ற எண்ணம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அடுத்த வாரம் ஒரு காரியம் செய்தேன். ஊருக்குப் போகும்போது பெட்டி எடை பார்க்கும் கொக்கித் தராசு வீட்டில் இருந்தது. ஏழு நாளும் குப்பையை இரண்டு பையாகப் போட்டு எடை பார்த்துக் குறித்து வைத்தேன். சாப்பாடும் சமையல் கழிவும் ஒரு பை, மற்றதெல்லாம் இன்னொரு பை. ஐந்து பேர் இருக்கும் வீட்டில் ஒரு வாரத்துக்குப் பதினான்கு கிலோ வந்தது, அதில் ஒன்பது கிலோ ஈரக் குப்பை. சோறு, பிள்ளைகள் கடித்துவிட்டு வைத்த ரொட்டி, சாந்தான் பிழிந்த தேங்காய்ச் சக்கை, வாழைப்பழத் தோல், மீன் தலை, வாங்கி வந்து பிரிக்காமலேயே அழுகிப்போன தவ்கே (முளைப்பயறு) பொட்டலம், பாதி தயிர், யாருக்கும் பிடிக்காத சாம்பார். தவ்கே பொட்டலத்தை விலைச் சீட்டோடு வெளியே எடுத்தபோது மாமியார் பக்கத்தில் இருந்தார். "காசைக் குடுத்து வாங்கி அப்படியே போடுறோமேம்மா" என்றார், அதற்கு மேல் அவரும் பேசவில்லை நானும் பேசவில்லை.

என் வீடு மட்டும்தான் இப்படியோ என்று நினைத்தேன், அப்படி இல்லை. 2012-இல் நாடு முழுவதும் குப்பையில் என்னென்ன இருக்கிறது என்று அரசாங்கம் ஆய்வு செய்தபோது வீட்டுக் குப்பையில் 44.5 விழுக்காடு உணவுக் கழிவு என்று வந்தது. பிளாஸ்டிக் 13 விழுக்காடு போல, பேப்பர் அதைவிடக் குறைவு, பிள்ளைகளுக்குக் கட்டும் டையப்பர் மட்டும் 12 விழுக்காடு. கிட்டத்தட்டப் பாதிக் குப்பை சாப்பாடு என்றால், நாம் போத்தலையும் டின்னையும் மட்டும் பேசிக்கொண்டிருப்பது பெரிய வேலையை விட்டுவிட்டுச் சின்ன வேலையைச் செய்வது போலத்தான் எனக்குப் படுகிறது.

பினாங்குக்காரர்கள் நிறையப் பேருக்கே தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். தீவில் நாம் போடும் குப்பை லோரியில் பத்து மாவுங் என்ற இடத்தில் இருக்கும் குப்பை மாற்றி ஏற்றும் நிலையத்துக்குப் போகிறது, அங்கிருந்து மிதவைப் படகில் ஏற்றிக் கடலைத் தாண்டி நிபோங் திபால் பக்கம் புலாவ் புரோங் குப்பைமேட்டுக்குக் கொண்டு போகிறார்கள். நாம் சாப்பிடாமல் விட்ட சோறு லோரி ஏறி, படகு ஏறி, கடல் தாண்டிப் போய்ப் புதைகிறது. அதில் முக்கால்வாசி தண்ணீர்தான். தண்ணீரைக் கடல் தாண்டிச் சுமந்து கொண்டுபோய்க் கொட்ட நாம் வரி கட்டுகிறோம். அப்புறம் அங்கே என்ன நடக்கிறது என்றால், காற்று புகாமல் அழுத்திப் புதைத்த சாப்பாடு அழுகும்போது மீத்தேன் வாயு வருகிறது, நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால் இது கரியமில வாயுவைப் போல் சுமார் 28 மடங்கு பூமியைச் சூடாக்கக் கூடியது, அதோடு எளிதில் தீப்பிடிக்கும். அழுகல் தண்ணீர் வேறு கறுப்பாக வடிந்து மண்ணுக்குள் இறங்கும். 2022 ஜனவரியில் புலாவ் புரோங் குப்பைமேடு தீப்பிடித்து வாரக்கணக்கில் புகைந்ததை நிபோங் திபால் பக்கம் இருப்பவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். என் சின்னம்மா வீடு அங்கேதான் பக்கத்தில். சன்னல் இடுக்கில் எல்லாம் ஈரத் துணியைச் சுருட்டி வைத்துக்கொண்டு, இளைப்பு உள்ள பேரனை சுங்கை பாக்காப்பில் உறவுக்காரர் வீட்டுக்கு அனுப்பிவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் புகை என் வீட்டுக் குப்பையிலிருந்தும் வந்தது, இப்படி நினைக்கத் தொடங்கிய பிறகு எனக்கு அது ஏதோ தூரத்துச் செய்தியாகத் தெரியவில்லை.

ஈரத்தால் இன்னொரு கெடுதலும் உண்டு. "சுராட் காபார் லாமா" என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு வரும் பழைய பேப்பர்காரரிடம் கேட்டுப் பாருங்கள், குழம்பு பட்ட அட்டைப்பெட்டியை வாங்க மாட்டார். சோற்றுப் பருக்கை ஒட்டிய பிளாஸ்டிக் டப்பாவையும் யாரும் எடுக்க மாட்டார்கள், கழுவுவதற்குத் தண்ணீர் செலவு, ஆள் செலவு. நல்ல பேப்பர், நல்ல போத்தல், நல்ல டின் எல்லாம் வீட்டில் இருக்கும்போது விலைபோகும் பொருள்தான். அதே பைக்குள் மிச்சக் குழம்பை ஊற்றிக் கட்டிய அந்த நிமிடத்திலேயே எல்லாம் குப்பையாகிவிடுகிறது. பினாங்கில் 2016 ஜூன் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரித்து வைக்க வேண்டும் என்று நடைமுறை வந்து எத்தனை வருடம் ஆகிவிட்டது, கோலாலம்பூரில் அதற்கும் முன்னால் 2015 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. ஆனாலும் எங்கள் பிளாக்குக் குப்பைக் கொட்டகையில் மறுசுழற்சித் தொட்டியைத் திறந்தால் உள்ளே மீ கோரெங் நூடுல்ஸ் கிடக்கிறது.

"நாம பிரிச்சு என்ன ஆகப்போகுது, வெளிநாட்டுக் குப்பையே இங்கதானே வருது" என்று என் தம்பி எப்போதும் சொல்வான். அவன் சொல்வதில் உண்மை உண்டு. 2018-இல் சீனா வெளிநாட்டுப் பிளாஸ்டிக் குப்பையை வாங்குவதை நிறுத்திய பிறகு அது நம் நாட்டுப் பக்கம் திரும்பியது, 2020 ஜனவரியில் 150 கொள்கலன் குப்பையை வந்த நாடுகளுக்கே திருப்பி அனுப்பியதாக அன்றைய அமைச்சர் இயோ பீ இன் அறிவித்தார், அதில் நிறைய நம் பினாங்குத் துறைமுகத்திலிருந்து போனவை. சரி, அது நல்ல காரியம், இன்னும் செய்ய வேண்டும். ஆனால் என் வீட்டுச் சோற்றை எந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்புவது தம்பி என்று கேட்டேன். அது என் அடுப்பில் வெந்தது.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். முதல் வேலை குறைவாகச் சமைப்பது. எழுத ஒரு வரிதான், செய்வதற்கு எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. என் மாமியார் எஸ்டேட் தோட்டத்தில் வளர்ந்தவர், வீட்டில் பத்துப் பேர், யார் எப்போது வந்தாலும் ஒரு தட்டுச் சோறு இருக்க வேண்டும் என்று வாழ்ந்தவர். பால் டின்னால் அரிசி அளந்து போடுவார், ஐந்து பேருக்கு நாலு டின். நான் மூன்று டின் போடலாம் என்று சொன்னபோது அவருக்கு முகம் சுண்டிவிட்டது. "யாராச்சும் வந்தா என்னம்மா குடுப்ப?" என்று கேட்டார். அவர் கேட்டது நியாயம், நம் வீடுகளில் சோறு குறைவது கௌரவக் குறைச்சல் மாதிரி. நான் அவரோடு வாதாடவில்லை. ஒரு வாரம் மீதியாகும் சோற்றை எல்லாம் அதே பால் டின்னால் அளந்து காட்டினேன், தினமும் ஒரு டின் அரிசிச் சோற்றுக்கு மேல் மீதி. அப்புறம் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம்: மூன்று டின் போடுவது, யாராவது வந்தால் இருபது நிமிடத்தில் இன்னொரு டின் வைத்துக் கொடுப்பது. இரண்டு வருடத்தில் அப்படித் திடீரென்று உலை வைக்க வேண்டி வந்தது ஐந்து தடவை இருக்கும். வந்தவர்கள் சூடான சோறு சாப்பிட்டுப் போனார்கள், மாமியாருக்கும் அதில் திருப்தி.

மீதியாகும் சோற்றுக்கும் நம் பெரியவர்கள் வழி வைத்துத்தான் இருக்கிறார்கள். இரவே தண்ணீர் ஊற்றி வைத்தால் காலையில் நீர்ச்சோறு, சின்ன வெங்காயமும் கருவாடும் இருந்தால் என் வீட்டுக்காரருக்கு வேறு பசியாறை வேண்டாம். பிள்ளைகளுக்கு அது இறங்காது, அவர்களுக்கு நாசி கோரெங். குளிர்சாதனப் பெட்டியில் மேல் தட்டு முழுவதையும் 'முதலில் தீர்க்க வேண்டியவை' என்று ஒதுக்கிவிட்டோம், பாதிக் கேரட், அரை மூடித் தேங்காய், நேற்றைய பருப்பு எல்லாம் கண் மட்டத்தில் இருக்கும். புதன்கிழமை பாசார் மாலாம் இரவுச் சந்தைக்குப் போகும் முன் அந்தத் தட்டைப் பார்க்காமல் யாரும் கிளம்பக் கூடாது. இதைச் சின்னவள்தான் சட்டமாக்கினாள், ஏழு வயது, அவள் சொன்னால் அவள் அப்பா கேட்கிறார். கீழே காய்கறி அறைக்குள் போனதைத்தான் எப்போதும் மறந்துவிடுகிறோம், அந்தத் தவ்கேவும் அங்கேதான் கிடந்தது.

இவ்வளவு செய்த பிறகும் தோல், சக்கை, டீத்தூள், முட்டை ஓடு, மீன் கழிவு என்று வரத்தான் செய்யும். தரை வீடாக இருந்தால் பின்பக்கம் குழி தோண்டிப் புதைத்துவிடலாம், பதினோராவது மாடியில் எங்கே போவது? எங்கள் தொழிற்சாலையில் ஓர் அக்கா தாக்காகுரா கூடை என்ற வீட்டு உரக் கூடையைப் பற்றிச் சொன்னார். கோஜி தாக்காகுரா என்ற ஜப்பானியர் இந்தோனேசியாவில் சுராபாயா நகரத்து மக்களுக்காக உருவாக்கிய முறை இது. நம்மூர் வெயிலுக்கும் ஈரக் காற்றுக்கும் ஒத்து வருகிறது, தேவையானதெல்லாம் இங்கேயே கிடைக்கிறது. ஓட்டை ஓட்டையாக இருக்கும் துணிக்கூடை ஒன்று, உள்ளே நான்கு பக்கமும் அட்டை. அதற்குள் போடும் மூலக் கலவைதான் முக்கியம். ராகி தாப்பாய் என்ற ஈஸ்ட் உருண்டை, தெம்பே என்ற நொதித்த சோயாக்கட்டி, கொஞ்சம் தயிர் இவற்றைச் சீனித் தண்ணீரில் கரைத்து ஒரு வாளி, காய்கறி பழத் தோலை உப்புத் தண்ணீரில் ஊற வைத்து இன்னொரு வாளி, நான்கைந்து நாள் கழித்து இரண்டையும் வடித்துத் தவிட்டிலும் உமியிலும் விட்டுப் பிசைய வேண்டும். கையில் பிடித்தால் கொழுக்கட்டை மாதிரி நிற்க வேண்டும், தண்ணீர் சொட்டக் கூடாது. துணி போட்டு மூடி வைத்தால் சில நாளில் மேலே வெள்ளையாகப் பூஞ்சை படரும், அதுதான் பதம். எங்களுக்கு உமியும் தவிடும் அலோர் ஸ்டாரில் இருக்கும் என் வீட்டுக்காரரின் அண்ணன் நெல் ஆலையிலிருந்து வாங்கி வந்தார், மற்றவர்கள் செடி விற்கும் கடையில் கேட்கலாம்.

அந்தக் கலவையைக் கூடையில் பாதிக்கு மேல் நிரப்பிக்கொண்டு, தினமும் இரவு அன்றைய கழிவைச் சின்னதாக நறுக்கி உள்ளே போட்டுக் கிளறிவிட வேண்டும், அவ்வளவுதான் வேலை, பத்து நிமிடம். மறுநாள் கையை விட்டால் உள்ளே சூடாக இருக்கும், கீரைத் தண்டு எங்கே போனது என்றே தெரியாது. பெரியவன் இதைப் பார்த்துவிட்டுப் பள்ளி அறிவியல் திட்டத்துக்கு இதையே எடுத்துக்கொண்டான், காலையில் எழுந்ததும் வெப்பமானியைக் குத்திப் பார்த்து எழுதுவான்.

முதல் தடவை கெட்டுப்போனதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆசையாகத் தொடங்குகிறவர்கள் பாதியில் விட்டுவிடுவார்கள். இரண்டாவது வாரம் கெம்போங் மீன் ஒரு கிலோ ஆய்ந்த குடலையும் தலையையும் மொத்தமாக உள்ளே போட்டேன், அதோடு மீதி ரசத்தையும் ஊற்றிவிட்டேன். மூன்றாவது நாள் நாற்றம் தாங்க முடியவில்லை, புழு வந்துவிட்டது, மாமியார் கூடையை உடனே கீழே கொண்டுபோ என்றார். நான் செய்த தப்பு இரண்டுதான், ஈரம் அதிகம், மீன் ஒரே நேரத்தில் அதிகம். நன்றாக இருந்த பாதியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு காய்ந்த உமி சேர்த்து, இரண்டு நாள் எதுவும் போடாமல் கிளறிக் காற்றாட விட்டேன், சரியாகிவிட்டது. இப்போது மீன் கழிவைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போடுகிறேன், குழம்பாக இருந்தால் வடிகட்டிச் சக்கையை மட்டும். எலும்பு கரையாது, அதைப் போடுவதில்லை. எறாவின் ஓட்டைத் தூக்கிப் போடாமல் வேகவைத்துச் சாறெடுத்துச் சொதிக்கு ஊற்றிவிட்டு அப்புறம் கூடைக்குத் தருகிறேன். மேலே பழைய டீசட்டை ஒன்றை இறுக்கிக் கட்டிவிட்டால் ஈ வராது.

பழத்தோல் என்சைமும் செய்தோம், பினாங்கில் நிறையப் பேருக்கு இது தெரியும்: கறுப்புச் சீனி ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்து பங்கு, மூன்று மாதம். பிளாஸ்டிக் போத்தலில்தான் போட வேண்டும், முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து வாயுவை விட வேண்டும், இல்லாவிட்டால் வெடிக்கும். தரை துடைக்க, கழிப்பறை கழுவ நன்றாக இருக்கிறது. அதைக் குடித்தால் நோய் தீரும் என்றெல்லாம் வாட்ஸாப்பில் வருவதை நம்ப வேண்டாம். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் போத்தலை அலமாரியில் வைத்துப் பூட்டுங்கள்.

பிளாஸ்டிக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பினாங்கில் 2009-இல் திங்கட்கிழமை மட்டும் இலவசப் பை கிடையாது என்று தொடங்கி 2011 ஜனவரியிலிருந்து எல்லா நாளும் பைக்கு 20 காசு என்று வந்தபோது எல்லாரும் முணுமுணுத்தோம், இப்போது காரில் துணிப்பை இல்லாத வீடு எங்கள் பிளாக்கில் குறைவு. அப்படிப் பழகிக்கொண்ட நாம் மாமாக் சாப்பாட்டுக் கடையில் தேநீரைக் கொதிக்கக் கொதிக்கப் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்குவதை மட்டும் விடவில்லை. என் வீட்டுக்காரர் இப்போது பிளாஸ்க் எடுத்துப் போகிறார், சாப்பாடு வாங்கினால் என் அம்மாவின் பழைய தூக்குச் சட்டி. கடைக்காரர் முகம் சுளிப்பார் என்று பயந்தேன், ஒரு கரண்டி குழம்பு கூடவே ஊற்றித் தருகிறார். தீபாவளிக்குப் பலகாரம் வரும் சிவப்பு மூடிப் பிளாஸ்டிக் போத்தல்கள் எங்கள் வீட்டில் நாற்பதுக்கு மேல் சேர்ந்திருந்தன. பருப்பு, கடுகு, மிளகாய்த்தூள் எல்லாம் அதில்தான், மீதியைக் கழுவிக் காயவைத்து, முறுக்கு சுட்டு விற்கும் ஒரு மாமியிடம் கொடுத்துவிட்டேன், அவர் அந்த வருடம் புதுப் போத்தல் பாதிதான் வாங்கினார்.

பொரித்த எண்ணெயைக் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும், ஆற வைத்துப் போத்தலில் சேர்த்தால் விலைக்கு எடுத்துக்கொண்டு போகிறார்கள், பயோடீசல் செய்ய. பேட்டரி, மின்விளக்கு, கெட்டுப்போன சார்ஜர் எல்லாம் தனியாக. மற்றபடி பேப்பர், டின், தெளிந்த போத்தல் ஆகியவற்றை நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் ட்ஸூ ச்சி பௌத்த அமைப்பின் மறுசுழற்சி நிலையத்துக்குக் கொண்டு போகிறோம். அங்கே என் மாமியார் வயதில் உள்ள சீனப் பாட்டிகள் குட்டை நாற்காலியில் உட்கார்ந்து போத்தல் மூடி வேறு, போத்தல் வேறு, ஒட்டியிருக்கும் பேப்பர் வேறு என்று பிரிப்பதைப் பார்த்த பிறகு என் பிள்ளைகள் கழுவாத எதையும் பையில் போடுவதில்லை. நாம் கழுவாமல் அனுப்பினால் அந்தப் பாட்டி கழுவ வேண்டும், அதைப் பிள்ளைகளே சொன்னார்கள்.

இப்போது நம் சமூகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், யாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், என் வீட்டு விசேஷத்தையும் சேர்த்தே சொல்கிறேன். என் நாத்தனார் மகளின் திருமணத்தில் ஆயிரம் பேருக்குச் சொல்லி எண்ணூறு பேர் வந்தார்கள், பந்தி முடிந்து பின்பக்கம் போய்ப் பார்த்தேன், பிரியாணி இரண்டு பெரிய அண்டா நிறைய மீதி. கோழி, சோறு, பாயசம் எல்லாவற்றையும் கறுப்புப் பைகளில் கொட்டிக் கட்டிக்கொண்டிருந்தார்கள். இரவு பதினொன்றரை மணி, அந்த நேரத்தில் யாரைக் கூப்பிட்டுக் கொடுப்பது? முன்கூட்டியே ஏற்பாடு செய்திருந்தால் ஓர் இல்லத்துக்குச் சூடாகவே போய்ச் சேர்ந்திருக்கும். திருமணத்துக்கு மண்டபம், மேளம், பூ எல்லாவற்றுக்கும் ஒருவரைப் பொறுப்பாகப் போடுகிறோம். மீதிச் சாப்பாட்டுக்கும் ஒரு சித்தப்பாவைப் போடுங்கள். பந்தி பாதி போகும்போதே அண்டாவைப் பார்த்து, எவ்வளவு மீதியாகும் என்று கணக்குப் பண்ணி, எட்டரை மணிக்கே கையில் தொலைபேசியை எடுக்கும் ஆள் ஒருவர் வேண்டும். உறவுக்காரர்களையும் தூக்குச் சட்டி கொண்டு வரச் சொல்லிவிடுங்கள், யாருக்கும் அவமானம் இல்லை.

தைப்பூசத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல், அன்னதானம், எவ்வளவு நல்ல மனத்தோடு செய்கிறார்கள், நானும் என் பிள்ளைகளும் அங்கே சாப்பிட்டுத்தான் வளர்ந்தோம். ஆனால் ஒரே ஆள் நாலு பந்தலில் நாலு பொட்டலம் வாங்கி ஒரு வாய் சாப்பிட்டு ஓரமாக வைத்துவிட்டுப் போவதையும் பார்க்கிறோம். பந்தல் போடுகிறவர்கள் பொட்டலத்துக்குப் பதிலாக வாழை இலையில் உட்கார வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறினால் பாதிக் குப்பை அங்கேயே போய்விடும். தேங்காய் உடைப்பதைக் குறைத்துக்கொள்ளச் சொல்லிப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் பல வருடமாக வேண்டிக் கேட்டுவருகிறது. அதன் தலைவராக இருந்து 2019-இல் மறைந்த எஸ்.எம். முகமது இத்ரிஸ் அவர்கள் காலத்திலிருந்தே வீட்டுத் தோட்டம், கழிவிலிருந்து உரம் என்று நம் மக்களுக்குத் தமிழிலேயே சொல்லிக் கொடுத்து வருகிறார்கள். ஒரு வேண்டுதலுக்கு நூற்றுக்கணக்கில் உடைப்பதைவிட ஒரு தேங்காயை உடைத்துவிட்டு மீதிப் பணத்தில் ஒரு பிள்ளைக்குப் பள்ளிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தால் முருகன் வேண்டாம் என்று சொல்லமாட்டான், இது என் நம்பிக்கை. உடைத்த தேங்காயையாவது வெயிலில் கிடந்து அழுகுவதற்குள் எடுத்து உரமாக்க ஒவ்வோர் ஆண்டும் ஏற்பாடு வேண்டும்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் சார்பில் மாநகர் மன்றத்துக்கும் ஒரு கோரிக்கை. குப்பையைப் பிரி என்று சொல்கிறீர்கள், பிரிக்கிறோம். பிரித்த ஈரக் குப்பையை எங்கே கொண்டு போடுவது? கீழே ஒவ்வொரு பிளாக்கிலும் வாகனம் நிறுத்தும் இடத்தின் மூலையில் இரண்டு பெரிய உரத் தொட்டியும் ஒரு மூட்டை காய்ந்த இலையும் போதும். இலைக்குப் பஞ்சமே இல்லை, தினமும் பெருக்கிப் பையில் கட்டி அதையும்தான் லோரியில் ஏற்றுகிறார்கள். எங்கள் குடியிருப்பு நிர்வாகத்திடம் நான் மனு கொடுத்து எட்டு மாதம் ஆகிறது, எலி வரும் என்று ஒரே பதில். மூடியில்லாத குப்பைக் கொட்டகையில் இப்போதே எலி ஓடுகிறது. மூடி உள்ள தொட்டி, வாரம் இரண்டு தடவை கிளறிவிட ஓர் ஆள், அந்த ஆளுக்கு நாங்கள் மாதம் வீட்டுக்கு இரண்டு வெள்ளி (ரிங்கிட்) கொடுக்கிறோம் என்று பதினேழு வீட்டார் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறோம். ஆறாவது மாடி மாக்சிக் பெயர்தான் அதில் முதலில் இருக்கிறது.

இன்று எங்கள் வீட்டில் மறுபடி எடை பார்த்தால் வாரத்துக்கு மூன்றரை கிலோ வருகிறது. ஈரம் இல்லாததால் பை நாறுவதில்லை, தினமும் கீழே கொண்டு போவதும் இல்லை, வாரம் இரண்டு நாள் போதும். முன்பு மாதம் மூன்று சுருள் குப்பைப் பை வாங்கினோம், இப்போது ஒன்று வாங்கினாலே மீதியாகிறது. சமையல் சாமான் செலவும் குறைந்திருக்கிறது. உரத்தை நடைபாதையில் இருக்கும் கறிவேப்பிலை, பாண்டான், மிளகாய்த் தொட்டிகளுக்குப் போடுகிறோம், கறிவேப்பிலையை அந்த மாடியில் யார் வேண்டுமானாலும் கிள்ளிக்கொள்ளலாம்.

படிக்கிறவர்களில் யாராவது கூடை வைக்க நினைத்தால் ராகி, தெம்பே என்று முதலிலிருந்து அலையத் தேவையில்லை. தயிருக்கு உறை வாங்குவது போலத்தான் இதுவும், ஏற்கெனவே கூடை வைத்திருப்பவரிடம் ஒரு டப்பா மூலக் கலவை கேட்டு வாங்கி அதில் உமியும் தவிடும் சேர்த்தால் ஒரு வாரத்தில் பெருகிவிடும். நான் இதுவரை எங்கள் பிளாக்கில் நான்கு வீட்டுக்குக் கொடுத்திருக்கிறேன். ஒருவர் விட்டுவிட்டார், மூன்று கூடை ஓடுகிறது. நேற்று இரவு ஒன்பதாவது மாடியிலிருந்து புதிதாகக் குடிவந்த ஒரு பெண் கையில் ஒரு சிவப்பு மூடிப் போத்தலோடு வந்து கதவைத் தட்டினாள், நிரப்பிக் கொடுத்து அனுப்பினேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
பாயா தெருபோங், பினாங்கு.